லூயிஸ் 'ஒளியீசன்' இல்லை

மூன்று நாளாக எல்லார் பக்கத்திலும் அந்தப் படம்தான். "லூயிஸ் என்றால் ஒளி. ஒளியீசன் என்ற தமிழ்ப் பெயரே திரிந்து லூயிஸ் ஆனது." மறுத்து நான் எழுதியதற்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். சரி, இங்கேயே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெயரின் பிறப்பைத் தேடுகிறவர் இன்று அது ஒலிக்கிற விதத்தை வைத்து உடைக்கக் கூடாது. எழுத்தில் கிடைக்கிற மிகப் பழைய வடிவத்துக்குப் போக வேண்டும். லூயிஸுக்கு அது இருக்கிறது. மேற்கு ஐரோப்பாவை ஆண்ட பேரரசர் சார்லமேனின் மகன் லூயிஸ், 814 முதல் 840 வரை பேரரசராக இருந்தவர், அவர் காசுகளில் 'ஹ்லுடோவிகுஸ்' என்று பொறித்திருக்கிறது. முன்னால் 'ஹ்', நடுவில் 'ட்', அப்புறம் 'க்'. ஒளியீசனில் இந்த மூன்றும் எங்கே? இன்னும் பின்னால் போனால், 511-இல் இறந்த குளோவிஸ், பிராங்கு என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன். லத்தீனில் 'குளோடோவெகுஸ்'. ஆம், குளோவிஸும் லூயிஸும் ஒரே பெயர்தான். 'ஹ்' என்றும் 'கு' என்றும் எழுதப்பட்ட, தொண்டையில் உரசிய அந்த முதல் ஒலி தேய்ந்து மறைந்தது. பிரெஞ்சில் நடு மெய்களும் கரைந்து லூயி ஆனது. ஜெர்மனில் கரையாமல் லுட்விக்.

முன்பாதி 'ஹ்லுட்' என்றால் ஊரெல்லாம் கேள்விப்பட்ட, பேர்போன. லவுட் ஸ்பீக்கரில் இருக்கிற 'லவுட்' இந்தக் குடும்பம்தான். பின்பாதி 'விக்' என்றால் போர். வீரன் இல்லை, போர். "புகழ்பெற்ற வீரன்" என்று போடுகிற பெயர்ப் புத்தகங்கள் சறுக்குவது இங்கேதான். ஜெர்மானியர் இரண்டு சொல்லைக் கோத்துப் பெயர் வைப்பார்கள், ஒரு பாதியைப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். குளோவிஸின் மகன்கள் குளோடோமர், குளோதார். இரண்டு பாதியும் சேர்ந்து ஒரு பொருள் தர வேண்டுமென்ற கட்டாயமே கிடையாது. ஹெட்விக் என்ற பெயரில் முன்பாதியும் போர், பின்பாதியும் போர்!

"ஒலி ஒத்துப்போகிறதே" என்கிறீர்கள். குளோவிஸின் மனைவி குளோட்டில்டைப் பாருங்கள். அதே முன்பாதி போலத்தான் காதுக்குப் படும். பழைய ஏட்டில் 'குரோடெகில்டிஸ்', லகரம் இல்லை, ரகரம். அது 'ஹ்ரோத்' என்ற வேறு சொல். ஒரே வீட்டுக்குள்ளேயே காது இப்படி ஏமாற்றுகிறது. பழைய எழுத்தைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.

"தமிழ்ச்சொல் ஐரோப்பாவுக்குப் போகவே இல்லையா?" போயிருக்கிறது. கட்டுமரம் போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது, மிளகுத்தண்ணீர் போயிருக்கிறது. அவை கப்பலேறிப் போன வழி தெரியும், எழுத்தில் சான்று இருக்கிறது. அவற்றை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லுங்கள், நானும் கூட நின்று சொல்கிறேன். என்னைத் தமிழ்ப் பகை என்று எழுதியது வலித்தது. பொய்ச் சான்றை ஒருவர் உடைத்துக் காட்டினால் அடுத்து கட்டுமரத்தையும் சேர்த்துத்தானே சந்தேகப்படுவார்கள்? அந்தப் பயத்தில்தான் கத்துகிறேன்.

உறவு வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்காது. 'ஹ்லுட்'டும் வடமொழியின் 'ச்ருத'வும் ஒரே வேர், கேட்டல் என்று பொருள். ஜெர்மானியத்தில் ஹகரம் ஆன மூல ககரம் அங்கே சகரம் ஆனது. நாம் சொல்லும் சுருதி அந்த வழியாக வந்ததுதான்.

அலோசியஸ் என்று நம்மூரில் பெயர் வைத்திருக்கிறார்களே, அதுவும் லூயிஸ்தான். 1591-இல் இறந்த இத்தாலியப் புனிதர் லூயிஜி கொன்சாகாவின் லத்தீன் பெயர். அந்தப் பெயர் வைத்த பிள்ளைகள் கண்ணிலும் உங்கள் படம் படும். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.