பணம் வரும் வழியையும் பாருங்கள்
அமெரிக்காவில் உள்ளூர் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்கான தேர்தலில் எல்லோரும் ஒழுங்காக வாக்களித்தால் பள்ளிகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு குறையும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, வாக்களிக்கத்தான் வேண்டும், ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது? அங்கே பள்ளிச் செலவில் கணிசமான பகுதி அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்துதான் வருகிறது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1967-68இல், ஏழைகள் நிறைந்த எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம்தான் பக்கத்து அலமோ ஹைட்ஸைவிட அதிக விகிதத்தில் சொத்து வரி கட்டியது, அப்படியும் ஒரு மாணவருக்கு 356 டாலர்தான் கிடைத்தது, வசதியான அலமோ ஹைட்ஸில் 594. அநியாயம் இல்லையா இது? பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1973இல் 5க்கு 4 நீதிபதிகள் என்ற கணக்கில் தோற்றார்கள். எவ்வளவு நல்ல வாரியம் வந்தாலும் இல்லாத சொத்துக்கு வரி போட முடியாதே. நிதியைப் பங்கிடும் சட்டம் மாநில சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது, அந்த வேட்பாளர்களிடமும் இதைக் கேளுங்கள்.