நாலு விசில் போதும் என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, எழுதினால்தான் ஆறும். ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். 78 வயது, கடைவாயில் பல்லே இல்லை, ஆனால் மட்டன் சுக்கா என்றால் அவருக்கு உயிர். காலை ஆறரைக்கே கறிக்கடையில் போய் நின்று, கிலோ 900 ரூபாய் கொடுத்து, தொடையும் நெஞ்செலும்புமாகக் கலந்து ஒரு கிலோ வாங்கி வந்தேன். கால் கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன். மல்லி, சீரகம், மிளகு, சோம்பு, காய்ந்த மிளகாய், ஒரு துண்டு பட்டை, கொஞ்சம் கல்பாசி எல்லாம் தனித்தனியாக வறுத்துப் பொடித்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. நான் பார்த்த வீடியோவில் அந்த அக்கா, மசாலா எல்லாவற்றையும் குக்கரிலேயே கொட்டி மூடிவிட்டு, "நாலு விசில் விட்டா போதும், கறி பஞ்சு மாதிரி வெந்துடும்" என்றார். நானும் விட்டேன். எண்ணி நாலு.

மூடியைத் திறந்து ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். நசுங்கவே இல்லை, செருப்பு ரப்பர் மாதிரி விரலைத் திருப்பித் தள்ளியது. சரி, இன்னும் மூன்று விசில் என்று மூடினேன். அதற்குள் மசாலா தண்ணீரை எல்லாம் இழுத்துக் கெட்டியாகி இருந்திருக்கிறது, மூன்றாவது விசிலோடு கருகல் வாடையும் சேர்ந்து வந்தது. அடியில் கறுப்பாக ஒட்டியதை விட்டுவிட்டு மேலாக அள்ளி வேறு சட்டிக்கு மாற்றி, நல்லெண்ணெயும் கறிவேப்பிலையும் விட்டுப் பிரட்டி இலைக்குக் கொண்டு வந்தபோது மணி இரண்டேகால்.

பெரியப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒதுக்கி ஒதுக்கி மென்று பார்த்தார். அப்புறம் நான் குழம்பு எடுக்கத் திரும்பிய நேரத்தில் அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு, வெறும் மசாலாவைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். "காரம் நல்லா இருக்கு தாயி" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கேட்கிறேன், விசில் என்பது என்ன அளவு? உள்ளே அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் நீராவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது, அவ்வளவுதான் விசில். சாதாரணப் பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் குக்கருக்குள் 120 டிகிரி வரை போகிறது, அந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் கறி வேகிறது. தீயைக் கூட்டினால் நிமிடத்துக்கு ஒரு விசில் கத்தும். சிம்மில் வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்றுகூட வராது, ஆனாலும் உள்ளே கறி பாட்டுக்கு வெந்துகொண்டுதான் இருக்கும். ஆத்திரம் தாங்காமல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெறும் தண்ணீரை ஊற்றி நானே வைத்துப் பார்த்தேன். பெரிய பர்னரில் முழுத்தீ, முதல் விசிலுக்கு அப்புறம் அடுத்த மூன்றும் நாலே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதே குக்கர், அதே தண்ணீர், சின்ன பர்னரில் தீயைக் குறைத்து வைத்தால் அதே மூன்று விசிலுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. நாலு நிமிடமும் இருபது நிமிடமும் ஒன்றா? இரண்டுக்கும் பெயர் நாலு விசில்தானே!

குக்கர் வாங்கும்போது கூடவே ஒரு சின்னப் புத்தகம் வரும், நாம் அட்டைப்பெட்டியோடு தூக்கி எறிந்துவிடுவோம். என்னிடம் இருந்ததைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் எல்லாமே நிமிடக் கணக்கு, முழு அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து இத்தனை நிமிடம் என்று. செய்து விற்கிறவனே நிமிடம் சொல்லும்போது சமைத்துக் காட்டுகிறவர்களுக்கு மட்டும் விசில் எங்கிருந்து வந்தது?

அடுத்தது ஆடு. எந்த ஆடு, எத்தனை மாசம், எந்தப் பக்கத்துக் கறி என்று ஒருத்தராவது சொல்கிறார்களா? ஏழெட்டு மாசக் குட்டியும் இரண்டு வருஷக் கிடாயும் ஒரே மாதிரி வேகுமா? கழுத்துக்கறியிலும் முன்னங்காலிலும் ஜவ்வு அதிகம், அந்த ஜவ்வு கரைந்து வழவழப்பாக மாறுவதற்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும், கொடுத்தால் தொடையைவிட அதுதான் ருசி. என் தங்கை லண்டனில் இருக்கிறாள், அவளுக்கு அங்கே கிடைப்பது லாம்ப், ஒரு வயதுகூட ஆகாத செம்மறிக்குட்டி. அவள் மூன்று விசிலில் இறக்குகிறாள், அவளுக்கு வெந்துவிடுகிறது, அதில் பொய் இல்லை. ஆனால் அதே கணக்கை இங்கே கிடைக்கிற முற்றின வெள்ளாட்டுக்கு எப்படிப் போடுவது? வெளிநாட்டில் இருந்து வீடியோ போடுகிறவர்கள் தயவு செய்து என்ன கறி என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

இதில் வைத்தியம் வேறு. கறி வேகவில்லை என்று யாரிடம் சொன்னாலும் கொட்டாங்குச்சித் துண்டு போடு என்கிறார்கள். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை. பப்பாளிக்காய் நிஜமாகவே வேலை செய்யும், ஆனால் கொஞ்சம் கூடினாலும் கறி மேலே கூழாகிவிடும், நடுவில் பழையபடிதான் இருக்கும். விசில் அடங்குவதற்கு முன்னாலேயே கரண்டியால் வெயிட்டைத் தூக்கிக் காட்டுகிறார்களே, அதையும் நிறுத்துங்கள். அடுப்பை அணைத்த பிறகு தானாக அழுத்தம் இறங்குகிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்திலும் கறி வேகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு, மூடியதும் திறந்ததும் ஒரே நொடியில் வருகிற மாதிரி ஒட்டிப் போட்டால் பார்க்கிறவள் என்ன நினைப்பாள்? தன் கைதான் சரியில்லை என்று நினைப்பாள். புதிதாகச் சமைக்க வந்த எத்தனை பெண்கள், எத்தனை பையன்கள் இப்படித் தன்னையே நொந்துகொண்டு அடிப்பிடித்த குக்கரைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள்!

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா எத்தனை விசில் என்று கேட்கவே இல்லை. "கிடாயா, குட்டியாடி? எந்தப் பக்கத்துக் கறி? எந்தக் குக்கர்ல வச்ச? மசாலாவ ஏன் முதல்லயே போட்ட?" இதுதான் வரிசையாக வந்த கேள்விகள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் இந்த நாலில் ஒன்றைக்கூட நான் பார்த்த எந்த வீடியோவும் சொல்லித் தரவில்லை. அம்மா கறியை மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு, நாலு வெங்காயம் மட்டும் போட்டு முதலில் தனியாக வேகவைப்பாள். ஒரு எலும்புத் துண்டை எடுத்துப் பார்ப்பாள், கறி எலும்பை விட்டு லேசாக விலகி இருக்க வேண்டும், விரலால் நசுக்கினால் நாராகப் பிரிய வேண்டும். இல்லையென்றால் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி மறுபடி மூடுவாள், மசாலா இல்லாததால் அடிப்பிடிக்காது. வெந்த பிறகுதான் இரும்புச் சட்டி, நல்லெண்ணெய், மிச்ச வெங்காயம், வறுத்த பொடி. கறி வெந்த தண்ணீரையும் அதிலேயே ஊற்றிச் சுண்டவிடுவாள்.

வியாழக்கிழமை அரைக் கிலோ முன்னங்கால் வாங்கி அப்படியே செய்தேன். ஐந்து லிட்டர் குக்கர், ஒரு டம்ளர் தண்ணீர், முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார்த்து 25 நிமிடம், அப்புறம் அழுத்தம் தானாக இறங்கும்வரை மூடியைத் தொடவில்லை. தொட்டதும் பிரிந்தது. பெரியப்பா அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். ஒரு டப்பாவில் போட்டுத் தம்பியிடம் கொடுத்து, ராத்திரி பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டேன்.