கண்டுகொள்ளாமல் விடுவது தீர்வாகாது

“தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் கவனத்தை ஈர்க்கவே அப்படிச் செய்கிறார்கள், கண்டுகொள்ளாமல் விட்டால் நின்றுவிடும், மருத்துவமனைக்குப் போனால் வழக்குதான் வரும்” என்று சிலர் எழுதுவது தவறு, ஆபத்தானதும்கூட.

கவனத்தை ஈர்க்க விரும்புகிறவர் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்துகொண்டு, “எனக்கொன்றும் புழுங்கவில்லை” என்று சொல்லமாட்டார். பெரும்பாலோர் இதை மறைக்கவே பாடுபடுகிறார்கள். தாங்கமுடியாத பதற்றத்தையோ வெறுமையையோ தன்மீதான வெறுப்பையோ சற்று நேரம் தணித்துக்கொள்ளும் வழியாக இது தொடங்குகிறது. அந்தத் தணிவு நீடிக்காமல் வெட்கமும் குற்றவுணர்வும் வந்து சேர்வதால், அதே சுழலுக்குள் மறுபடியும் தள்ளப்படுகிறார்கள். மனச்சோர்வு, பதற்றநோய், சிறுவயதில் பட்ட கொடுமை ஆகியவற்றோடு இதற்குத் தொடர்புண்டு. ஆனால் இப்படிச் செய்யும் எல்லோருக்கும் மனநோய் என்று முத்திரை குத்திவிட முடியாது. சாகும் எண்ணம் இல்லாமலும் இது நிகழும் என்பது உண்மைதான். இருந்தும், பின்னாளில் தற்கொலை அபாயத்தைக் கூட்டும் அறிகுறிகளில் இது முக்கியமானது என்பதால், கண்டுகொள்ளாமல் விடச் சொல்வதை ஏற்க இயலாது. சாகும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சமும் வேண்டாம். திட்டாமல், சத்தியம் வாங்காமல் கேட்டால் பலருக்கு ஆறுதலே கிடைக்கிறது.

வழக்கு பற்றி: மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, அதற்காகத் தண்டிப்பதைத் தடுக்கிறது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸின் உதவி எண் 14416; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.