தமிழ் யாரையும் பெற்றெடுத்ததாகச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை ஒரு மேடையில் பேச்சாளர் ஒருவர் முழங்கிய காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கன்னடமும் தெலுங்கும் தமிழ் பெற்ற பிள்ளைகளாம். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கன்னடம் தமிழிலிருந்து பிறக்கவில்லை. இரண்டும் மூலத் திராவிடம் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இதை ஒலிகளை ஒப்பிட்டுக் கண்டறிந்தார்கள். நம் பால், பல், பத்து அங்கே ஹாலு, ஹல்லு, ஹத்து. இதில் மாறியது கன்னடம். ஆனால் நம் செவி அங்கே கிவி. நம் செய் பழங்கன்னடத்தில் கெய். இங்கே பழைய ககரத்தைக் காத்தது கன்னடம், மாற்றியது தமிழ். சங்கப் பாட்டிலேயே செவிதான். தமிழ் தொலைத்துவிட்ட ஒலியைத் தமிழிடமிருந்தே கன்னடம் எப்படிப் பெற்றிருக்கும்?

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா சத்தியமங்கலத்துக்காரர். வீட்டில் கன்னடம் பேசுபவர். திருக்குறளை என்னைவிடச் சரளமாகச் சொல்வார். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, "எங்கள் பேச்சு உங்கள் பேச்சின் உடைசல்தானா, தம்பி?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எனக்குத் தமிழ்ப் பற்று இல்லை என்று இந்நேரம் சிலர் எழுதத் தொடங்கியிருப்பார்கள். தமிழின் தொன்மையை நான் எங்கே மறுத்தேன்? கன்னடத்தின் ஹல்மிடிக் கல்வெட்டு 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழி என்ற பழைய எழுத்தில் வெட்டிய நம் கல்வெட்டுகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ஆனால் எழுத்தில் முந்தியதாலேயே ஒரு மொழி இன்னொன்றை ஈன்றதாகிவிடாது.

இந்தப் பொது வேர் வெள்ளைக்காரன் கட்டிய கதை என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. தென்னக மொழிகள் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல என்று 1816இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் நிறுவியது இதே ஒப்பீட்டு முறையால்தானே? நம் மொழியை இன்னொன்றின் குழந்தை என்றபோது நமக்கு எப்படி வலித்தது! அந்த வலி தெரிந்த நாமே பக்கத்து வீட்டாருக்கு அதைச் செய்யலாமா? கன்னடம் தமிழின் பிள்ளை இல்லை. எத்தனை முறை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

இவ்வளவு உறவு பேசிய மேடையில் இதே குடும்பத்தைச் சேர்ந்த நீலகிரித் தோடர் மொழி பற்றி ஒரு சொல் வந்ததா? கோத்தர் மொழி பற்றி? பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழி நம் உறவு என்று பூரிக்கிறோம். நம் நீலகிரியிலேயே பேசப்படும் மொழிகளை, கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமனோ 1930களில் வந்து ஆண்டுக்கணக்கில் தங்கி எழுதிவைக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் ஊட்டிக்குக் கூட்டமாகப் போய்வருகிறோம். தோடர் மொழியில் நம்மில் எத்தனை பேருக்கு ஒரு வாக்கியம் தெரியும்? உறவு கொண்டாட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கோத்தகிரிப் பக்கம் போய், ஒரு கோத்தப் பெரியவரின் முன்னால் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள்.