சட்டத்துக்கு 60, நீதிபதிக்கு 51

அமெரிக்க செனட்டில் மொத்தம் 100 பேர். ஒரு சாதாரண மசோதாவை ஓட்டெடுப்புக்குக் கொண்டுவரவே அதில் 60 பேர் சம்மதிக்க வேண்டும் (பட்ஜெட் சம்பந்தப்பட்ட சிலவற்றுக்கு விலக்கு உண்டு, அதை விடுங்கள்). ஆனால் ஆயுள் முழுக்க நாற்காலியில் இருக்கப்போகிற பெடரல் நீதிபதிக்கு 51 ஓட்டு இருந்தால் வேலை முடிந்தது. பிடிக்காத சட்டத்தை அடுத்து ஜெயித்து வருகிறவர்கள் ரத்து செய்யலாம். பிடிக்காத நீதிபதியை என்ன செய்வது? பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்து மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்க வேண்டும், அது அநேகமாக நடக்காத காரியம். எனக்கு இந்த ஏற்பாடு சுத்தமாகத் தலைகீழாகத்தான் தெரிகிறது.

விவாதத்தை முடியவிடாமல் இழுத்து ஓட்டெடுப்பைத் தடுப்பதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். அதைச் சொன்னதும் மணிக்கணக்கில் நின்றபடி பேசுவதுதான் பலருக்கு ஞாபகம் வரும். 1957-ல் ஸ்ட்ராம் தர்மண்ட் சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார், உண்மைதான். இன்றைக்கு அப்படித் தொண்டை வறளப் பேச வேண்டிய அவசியமே இல்லை. விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானத்துக்கு குளோச்சர் என்று பெயர், அதற்கு 60 ஓட்டு சேரவில்லை என்றால் மசோதா கிடப்பில். 1917-ல் வந்த விதி இது, 1949-ல் நியமனங்களுக்கும் நீட்டினார்கள், 60 என்ற கணக்கு 1975-ல் வந்தது.

ஆயுதம் கையில் இருந்தும் நீதிபதிகள் விஷயத்தில் அதை ரொம்ப நாள் பெரிதாக எடுக்கவில்லை. 1968-ல் ஏப் ஃபோர்டாஸைத் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியாக்க ஜனாதிபதி ஜான்சன் முயன்றபோது தடுத்தார்கள், சரி. ஆனால் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமிக்கப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் விஷயத்தைப் பாருங்கள். பெரிய ரகளைக்குப் பிறகு 52-48 என்று ஜெயித்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 48 பேர், தடுக்க 41 பேர் போதும். ஆனாலும் யாரும் அந்த வழிக்குப் போகவில்லை. அன்று 43 வயதில் உள்ளே போனவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அப்புறம் 2003-ல் மிகெல் எஸ்ட்ராடா. புஷ் நியமித்த அவருக்கு குளோச்சர் ஓட்டெடுப்பு ஏழு தடவை நடந்து ஏழு தடவையும் தோற்றது, கடைசியில் அவரே விலகிக்கொண்டார். அதைச் செய்தது ஜனநாயகக் கட்சி. ஒபாமா வந்ததும் குடியரசுக் கட்சி அதையே வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. யார் ஆரம்பித்தார்கள் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகப் போவதில்லை, இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

2013 தான் முக்கியமான வருஷம். திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம் கொண்ட ஸ்ரீ ஸ்ரீநிவாசன், அந்த மே மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 97-0 என்று தேர்வானார். மத்திய அரசுத் துறைகள் மீதான பெரிய வழக்குகள் நிறையப் போவது அந்தக் கோர்ட்டுக்குத்தான். அதே கோர்ட்டில் மிச்சமிருந்த மூன்று இடங்களுக்கு ஒபாமா பெயர் கொடுத்தார், மூன்றும் முடங்கின. தடுத்த குடியரசுக் கட்சி ஆட்களின் தகுதியைப் பற்றிப் பெரிதாகக் குறையே சொல்லவில்லை, அந்தக் கோர்ட்டுக்கு வேலை குறைவு, இத்தனை நீதிபதிகள் எதற்கு என்பதுதான் வாதம்!

நவம்பர் 21 அன்று செனட்டில் பெரும்பான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஹாரி ரீட் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விதியை முறைப்படி திருத்தப் போனால் அந்த விவாதத்தை முடிக்கவே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அது அவரிடம் இல்லை. அதனால் எழுந்து நின்று, சுப்ரீம் கோர்ட் தவிர மற்ற நியமனங்களுக்கு சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார். அவைத் தலைவர் இடத்தில் இருந்தவர், விதியில் இருப்பதை வைத்து, இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். ரீட் அதை எதிர்த்து அவையிடமே முறையிட்டார். தலைவர் சொன்னது சரி என்று 48 பேர், தவறு என்று 52 பேர். அவ்வளவுதான். ஒரு எழுத்துகூடத் திருத்தவில்லை, விதிப் புத்தகத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்று இன்னமும் அப்படியே அச்சாகி இருக்கிறது, அதற்கு அர்த்தம் மட்டும் மாறிவிட்டது. நீங்கள் நினைப்பதைவிட சீக்கிரமே இதற்கு வருந்துவீர்கள் என்று செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் அன்றே எச்சரித்தார். 2017 ஏப்ரலில், டிரம்ப் நியமித்த நீல் கோர்சச்சுக்காக அவரே அதே வழியில் சுப்ரீம் கோர்ட்டுக்கும் 60-ஐ எடுத்துவிட்டார்.

இதனால் என்ன ஆனது என்றால், எதிர்க்கட்சியில் ஏழெட்டுப் பேராவது ஒத்துக்கொள்ளும்படியான ஆளைத் தேட வேண்டிய கட்டாயம் ஜனாதிபதிக்கு இல்லாமல் போய்விட்டது. சொந்தக் கட்சி போதும் என்றால் இளசாகவும் தீவிரமாகவும் பார்த்துத்தான் பொறுக்குவார்கள். 2020 நவம்பரில், டிரம்ப் தேர்தலில் தோற்ற பிறகு, 33 வயது கேத்ரின் மிஸெல் 49-41 என்று (ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும்) ஃபுளோரிடாவில் ஆயுள் நீதிபதியானார். அனுபவம் போதாது, தகுதியில்லை என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் சொல்லியிருந்தது. 2022 ஏப்ரலில் விமானத்திலும் ரயிலிலும் மாஸ்க் கட்டாயம் என்ற உத்தரவை நாடு முழுக்கச் செல்லாததாக்கியது அவருடைய தீர்ப்புதான். தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு பேச்சு. பைடன் தரப்பும் சளைக்கவில்லை, டிரம்பின் முதல் ஆட்சியில் நியமித்த நீதிபதிகளின் கணக்கான 234-ஐ ஒன்று அதிகமாகத் தாண்டி 235-ல் போய் நிறுத்தினார்கள்.

60 இருந்தால் இடங்கள் காலியாகக் கிடக்கும், வழக்குகள் தேங்கும் என்பார்கள். நியாயமான பயம். ஆனால் 2016-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒபாமா நியமித்த மெரிக் கார்லண்டுக்கு ஒரு விசாரணைக் கூட்டம்கூட நடத்தாமல் அந்த ஆண்டு முழுக்க இழுத்தடிக்க ஃபிலிபஸ்டர் தேவைப்படவில்லை, செனட் பெரும்பான்மை குடியரசுக் கட்சியின் கையில் இருந்ததே போதுமானதாக இருந்தது. மாவட்ட நீதிமன்றங்களுக்கு வேண்டுமானால் 51 இருக்கட்டும், மேல்முறையீட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் 60 திரும்ப வரட்டும், அதுவும் அடுத்த ஜனாதிபதி காலத்திலிருந்து அமல் என்று வைத்தால் யாருக்கு லாபம் என்று இப்போதே யாருக்கும் தெரியாது என்பது என் வாதம். சிக்கல் என்னவென்றால், ரீட் காட்டிய குறுக்கு வழி இனி எல்லோருக்கும் மனப்பாடம். எந்த விதியைக் கொண்டுவந்தாலும் 51 பேர் நினைத்தால் ஒரு மத்தியானத்தில் காலி.

மிஞ்சியிருப்பது ப்ளூ ஸ்லிப் என்ற பழைய வழக்கம். ஒரு மாநிலத்தில் மாவட்ட நீதிபதியை நியமிக்க அந்த மாநிலத்து செனட்டர்கள் இரண்டு பேரும் நீலச் சீட்டில் சம்மதம் தர வேண்டும். எழுதப்பட்ட விதிகூட இல்லை. மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு டிரம்பின் முதல் ஆட்சியிலேயே அதை ஓரங்கட்டிவிட்டார்கள். மீதியையும் தூக்கச் சொல்லி 2025-ல் டிரம்ப் வெளிப்படையாக நெருக்கியபோது, நீதித்துறைக் குழுத் தலைவர் சக் கிராஸ்லி, அவர் கட்சிக்காரர்தான், மசியவில்லை. அவருக்கு வயது 90 தாண்டிவிட்டது. அடுத்து வருகிறவர் அந்த அளவுக்குத் தாக்குப்பிடிப்பாரா என்று யாராவது பந்தயம் கட்டினால், மாட்டார் என்றுதான் நான் கட்டுவேன்.