வீட்லதானே இருக்கேன்னு கேட்குறவங்களுக்கு

கொருக்குப்பேட்டையில எங்க தெருவுல பாதி வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு. யார் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தாலும் நான் வாங்கி வைக்கணும். கூரியர் தம்பி யார் பேர்ல பார்சல் கொண்டாந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுறான். மெட்ரோ வாட்டர் லாரி வந்தா பக்கத்து வீட்டுக் குடத்துக்கும் நானே வரிசையில இடம் பிடிக்கணும். "யக்கா, நீ வீட்லதானே கீற, கொஞ்சம் பாத்துக்க." பாத்துக்குறேன். அக்கம்பக்கம்னா அப்படித்தான், அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா அதே வாயால "உனக்கென்னக்கா, வேலையா வெட்டியா"ன்னு கேட்குறாங்களே, அப்பதான் வயிறு எரியுது.

போன வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல். ராத்திரி முழுக்க நெத்தியில ஈரத்துணி. சாயங்காலம் பெரியவளை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும், அவனை யார்கிட்ட விடுறது? தோள்ல போட்டுக்கிட்டு ஓடினா ரயில்வே கேட் மூடிக் கிடக்கு. சரக்கு ரயில் நகரவே மாட்டேங்குது. அந்தப் பக்கம் மணி அடிச்சிருக்கும், பொண்ணு வாசல்ல தனியா நிக்கும். இவன் மூச்சு என் கழுத்துல அனலா அடிக்குது. அன்னைக்கு ராத்திரி வந்த நாத்தனார் சொல்றாங்க: "பாவம் அண்ணன், ஒத்த ஆளா கஷ்டப்படுது."

ஒத்த ஆளா? துறைமுகத்துல நைட் ஷிப்ட் முடிச்சு வந்து அவர் பகல்ல தூங்குறப்போ பிள்ளைங்களைச் சத்தம் போடாம வச்சிருக்கிறது யாரு? ஓவர்டைம்னு கூப்பிட்டா யோசிக்காம சரின்னு சொல்றாரே, யாரை நம்பி? அந்தச் சம்பளத்துல என் உழைப்பும் இருக்கு.

நானும் எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில பில் போட்டவதான். ராத்திரி கடை மூடுற வரைக்கும் கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்ல. காப்பகத்துக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்தா சம்பளத்துல மிச்சம் எதுவும் நிக்காது. நான் வேலையை விட்டது, ரெண்டு பேரும் உட்கார்ந்து கூட்டிக் கழிச்சு எடுத்த முடிவு. நஷ்டம் மட்டும் எனக்கு. என் பி.எஃப். அன்னையோட நின்னுச்சு, அவரோடது ஏறிக்கிட்டே இருக்கு.

மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, தன் வீட்டு வேலையைச் சம்பளமில்லாம செய்யுற பெண் ஒரு நாளைக்குச் சராசரியா 289 நிமிஷம் அதுக்குச் செலவழிக்கிறா. ஆண் 88 நிமிஷம். ஆனா நாட்டோட உற்பத்திக் கணக்குல இந்த உழைப்புக்கு ஒரு பைசா மதிப்பு கிடையாது. நான் இன்னொரு வீட்ல சம்பளத்துக்குச் சமைச்சா கணக்குல ஏறும். என் பிள்ளைக்குச் சமைச்சா ஏறாது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல நம்மளைப் பிச்சைக்காரங்க, கைதிங்களோட சேர்த்து வேலை செய்யாதவங்க பட்டியல்ல வச்சாங்க. 2010-ல உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிச்சுது. எந்த வழக்குல தெரியுமா? விபத்துல செத்துப்போன ஒரு குடும்பத்தலைவிக்கு எவ்வளவு இழப்பீடுங்குற வழக்குல! எண்ணூர் ஹைரோட்டுல கன்டெய்னர் லாரி ஏறி நான் செத்தா, என் வேலைக்கு மாசம் இவ்வளவுன்னு கோர்ட்டுல மதிப்புப் போடுவாங்க. உயிரோட இருக்கும்போது போட்டா என்ன?

"அதான் மாசம் ஆயிரம் வருதே"ன்னு ஒரு பதில் வச்சிருக்காங்க. 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத்தொகை எனக்கும் வருது, நல்ல விஷயம்தான். அது அரசாங்கம் கொடுக்குறது. என் வீட்ல எனக்கு என்ன கொடுக்குறீங்க?

இப்போ மீஞ்சூர் பக்கம் மனை வாங்கப் பேச்சு நடக்குது. பத்திரத்துல என் பேரும் வேணும்னு கேட்டேன். "நீ என்ன காசு போட்ட?"ன்னாங்க மாமியார். வெளிநாட்டுல சம்பாதிச்ச கணவரோட பணத்துல வாங்கின சொத்துல, வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவிக்கும் சம பங்கு உண்டுன்னு 2023 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்திருக்கு. அந்தச் செய்தியை போன்ல எடுத்து, அவங்க எதிர்லயே இவருக்கு வாசிச்சுக் காட்டினேன். பதில் வரல. முன்பணத்துக்கு என் நகையைத்தான் அடகு வைக்கக் கேட்குறாங்க. என் பேர் ஏறாம ஒரு குண்டுமணித் தங்கம் பீரோவை விட்டு வெளிய வராது.