தூரத்தில் நின்று ஆடுவது கோழைத்தனம் அல்ல

ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் நடந்த சண்டை வீடியோ கேம் போட்டியின் இறுதி ஆட்டக் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்; அதை நான் மீண்டும் பகிரப் போவதில்லை. மைக் பிடித்து வர்ணனை செய்தவர், தூரத்தில் நின்று ஆடி வென்ற அந்தக் கோத்தகிரித் தம்பியைப் பார்த்து, "தைரியம் இருந்தால் பக்கத்தில் போய் அடி" என்று சொன்னதும், கூட்டம் சிரித்ததும், அவன் கோப்பை வாங்க மேடையேறியபோது கைதட்ட ஆளில்லாமல் போனதும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்கு மேல், போட்டி நடத்துகிற உங்களிடமிருந்து நேற்று ஓர் அறிவிப்பும் வந்துவிட்டது. அடுத்த போட்டியிலிருந்து, ஓடி ஒளிந்து ஆடுகிறவர்களுக்கு நடுவர் ஒரு சுற்றைப் பறிக்கலாமாம்.

அவன் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. அவன் ஆடியது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, எடுத்தது கைல் என்ற பாத்திரம். கைல் தூரத்திலிருந்து வீசும் சோனிக் பூம் வேண்டுமானால் பின்பக்கம் அழுத்திப் பிடித்திருந்து, பிறகு முன்னால் தள்ளிக் குத்த வேண்டும். குதித்து வருகிறவரை வீழ்த்தும் ஃபிளாஷ் கிக் வேண்டுமானால் கீழே அழுத்திப் பிடித்திருந்து, மேலே தள்ளி உதைக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் சேமிக்க ஒரே வழி, கீழ்-பின் மூலையில் விரலை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருப்பதுதான். முன்னால் ஓர் அடி நடந்தால் பூமுக்காகச் சேமித்தது போய்விடும். ஆகவே மைக் பிடித்தவருக்குப் பயமாகத் தெரிந்தது, உண்மையில் ஆயுதத்தை நிரப்பும் வேலை. காணொளியின் கடைசிச் சுற்றை நிதானமாகப் பாருங்கள். பூமை வீசிவிட்டு அதன் பின்னாலேயே தம்பி நடந்து வருகிறான், எதிராளி குதிக்கப்போகும் இடத்துக்குச் சற்று முன்பாக நின்று குனிகிறான், காத்திருக்கிறான். எதிராளி அங்கேயே குதிக்கிறார், உதை வாங்குகிறார், எழுந்து திரும்பவும் அங்கேயே குதிக்கிறார். அவரிடம் அடியைத் தட்டித் தடுக்கும் டிரைவ் பேரி இருந்தது. அழுத்திப் பிடித்தால் பூம் பட்டாலும் உடம்பு, அதாவது திரையில் தெரியும் உயிரளவு, குறையாது; டிரைவ் என்ற சக்தியின் அளவு கூடவும் செய்யும். டிரைவ் இம்பாக்ட் இருந்தது. பூமைத் தாங்கிக்கொண்டே முன்னால் பாயலாம். விளையாட்டைச் செய்தவர்கள் பதிலைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுக்காதவர் தோற்றார். இதில் தம்பியின் குற்றம் என்ன?

அன்று அதிகம் சிரித்தவர்கள், இன்னொரு சண்டை விளையாட்டான டெக்கன் ஆடும் நண்பர்கள். நானும் டெக்கன் ஆடுகிறவன்தான், ஆகவே உரிமையோடு சொல்கிறேன்: ஒரு விளையாட்டின் அளவுகோலை இன்னொன்றின்மேல் வைக்காதீர்கள். டெக்கனில் நான்கு பொத்தான்களும் இரண்டு கை, இரண்டு கால்; பக்கவாட்டில் விலகலாம்; எதையும் தொடாமல் நின்றாலே தலைக்கும் நடுவுடம்புக்கும் வரும் அடிகள் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடும். அங்கே குனிந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் நடுவுடம்பு அடிகள் குனிந்தவரைப் பிடித்து ஆகாயத்தில் தூக்கிவிடும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இது தலைகீழ். குனிந்து தடுப்பதுதான் அடிப்படைப் பாதுகாப்பு. நின்று தடுக்க வேண்டிய அடிகள் சிலவே. மோர்ட்டல் காம்பாட்டில் தடுப்புக்கென்றே தனிப் பொத்தான் இருப்பதால், பின்னால் போவது வெறும் பின்னால் போவதுதான், தடுப்பு ஆகாது. 2024-இல் வந்த டெக்கன் 8 வேண்டுமென்றே தாக்குகிறவர் பக்கம் சாய்த்துச் செய்யப்பட்டது: ஒருவர் பலம் கூடும் ஹீட் நிலையில் அடித்தால், தடுத்தாலும் உடம்பு குறையும், இழந்ததில் ஒரு பங்கைத் திருப்பி அடித்து மீட்கலாம். அதில் ஊறியவர்களுக்குத் தூரம் காக்கும் ஆட்டம் எரிச்சலாக இருப்பது புரிகிறது. எரிச்சல் உங்களுடையது; அதை விதியாக்கி அவன் தலையில் கட்டாதீர்கள்.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு மாடி அறையில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து டெக்கன் 3 ஆடிய தலைமுறை நாங்கள். எட்டி என்ற பாத்திரத்தை எடுத்துக் கண்டபடி உதைப் பொத்தானை அழுத்துகிறவரை அங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் ஜாகுவார்த்தலை முகமூடி போட்ட கிங்கை எடுத்து, பிடித்து எறியும் ஆட்டம் ஆடினால் மட்டும், பெரிய அண்ணன்கள் "த்ரோ செல்லாது" என்று கையிலிருந்த கன்ட்ரோலரைப் பிடுங்கிவிடுவார்கள். எறிவதைச் சரியான பொத்தானால் உடைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கற்றுக்கொள்ள யாருக்கும் பொறுமை இல்லை, தடை செய்வது சுலபமாக இருந்தது. என் காசில் என் முறை போனது. படியிறங்கி வந்த அந்தச் சாயங்காலங்களின் அவமானம், ஞாயிற்றுக்கிழமை தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்தது.

"பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறதே" என்பீர்கள். இந்த உலகமே கொண்டாடும் ஆட்டம் எது? 2004-இல் ஈவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியில் டைகோ உமெஹாரா, ஒரு துளி உடம்போடு கென் என்ற பாத்திரத்தை வைத்துக்கொண்டு, எதிராளி எடுத்த சுன்-லியின் சூப்பர் உதைகள் ஒவ்வொன்றையும் பேரி செய்து வென்றது. எதிரே இருந்த ஜஸ்டின் வாங் அவசரப்படாமல், தூரம் காத்து, நிதானமாக ஆடி அவரை அந்த நெருக்கடிக்குத் தள்ளியிருக்காவிட்டால் அந்த நிமிடமே பிறந்திருக்காது. டைகோ நடுவரிடம் முறையிடவில்லை. பதில் கண்டுபிடித்தார். கபடியில் பாடிப்போனவர் யாரையும் தொடாமல் கோட்டுக்குத் திரும்பினால் அவரைக் கோழை என்கிறோமா?

"போட்டி நடத்துகிறவர்களுக்குத் தடை விதிக்க உரிமை உண்டு, பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டரான சூப்பர் டர்போவில் அகுமா என்ற பாத்திரத்தைத் தடை செய்யவில்லையா" என்று ஒருவர் கேட்டிருந்தார். செய்தார்கள். அகுமா மற்ற எவராலும் ஈடுகொடுக்க முடியாத அளவுக்குப் பலமாக இருந்ததால், யாரும் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்கள். ஒருவன் ஜெயித்த பிறகு, அவன் ஜெயித்த விதம் பிடிக்கவில்லை என்பதற்காக, அளவே சொல்லாத ஒரு விதியை எழுதவில்லை. எத்தனை நொடி பின்னால் இருந்தால் ஒளிவது? கைல் குனிந்தாலே குற்றமா? மல்யுத்தப் பாத்திரமான ஸாங்கீஃபை ஆடுகிறவர் கட்டிப்பிடிக்க வாய்ப்புப் பார்த்து அசையாமல் நின்றால் அது வீரமா?

நம்ம ஊர்ப் பையன் என்பதால் பரிந்து பேசுகிறேன் என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆமாம், நம்ம ஊர்ப் பையன்தான். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது. இணைய இணைப்பு இருந்தாலும் அதன் தாமதமான பிங் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தாமதத்தில், பக்கத்தில் நின்று எறிதலைப் பார்த்து உடைப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் எங்கள் பிள்ளைகள் தூரத்தைக் கற்றார்கள், எதிராளியின் பழக்கத்தைப் படிக்கக் கற்றார்கள். லாகூரில் தங்களுக்குள்ளேயே ஆடி வளர்ந்த கூட்டத்திலிருந்து அர்ஸ்லான் ஆஷ் 2019-இல் ஜப்பான் ஈவோவையும் அமெரிக்க ஈவோவையும் டெக்கன் 7-இல் வென்றபோது, நீங்கள்தானே முதலில் கைதட்டினீர்கள்? அவர் தூரத்து ஊர்க்காரர், இவன் கோத்தகிரிக்காரன். கீழே கோயம்புத்தூரிலிருந்து விலை உயர்ந்த ஸ்டிக் கன்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் தோற்றதுதான் உங்களுக்கு உறுத்துகிறது என்று நான் நினைத்தால், அப்படி நினைக்க வைத்தது நீங்கள்தான். தோற்றவர் ஆட்டம் முடிந்ததும் தம்பியிடம் கைகொடுத்துவிட்டு, அந்த ஃபிளாஷ் கிக்கின் நேரத்தைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இல்லாத புண் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

அந்த விதியை எடுத்துவிடுங்கள். தம்பியிடம் மன்னிப்புக் கேளுங்கள், சொன்ன அதே மைக்கில், கூட்டம் இருக்கும்போதே. அதுவரை அடுத்த போட்டிக்கு நான் பெயர் கொடுக்க மாட்டேன். நுழைவுக் கட்டணம் ஏற்கெனவே கட்டியவர்கள் திருப்பிக் கேட்டால் அவர்களோடு நானும் வந்து நிற்பேன்.